கண்டாங்கி, சுங்குடி, கோடு போட்ட சட்டை, துப்பட்டா: நான்கையும் கலந்து ஒரு டாப் தைக்க வழி கூறுங்கள்

அரூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் உடுத்திய கண்டாங்கிச் சேலை ஒன்று, அவருடைய சுங்குடிச் சேலை ஒன்று, என் கணவரின் பருத்திச் சட்டை ஒன்று, என் மகள் இப்போது போடாமல் வைத்திருக்கும் துப்பட்டா ஒன்று ஆகிய நான்கும் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கின்றன. இவற்றில் எதையும் இனி முழுதாக அணிய முடியாது. கண்டாங்கி கொசுவ மடிப்பில் இற்றுவிட்டது; சுங்குடி இடுப்புப் பகுதியில் நைந்திருக்கிறது; சட்டையின் காலரும் கைப்பட்டியும் தேய்ந்துவிட்டன; துப்பட்டாவின் ஒரு முனை வண்டிச் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொன்றிலும் நல்ல பகுதி பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. தூளி கட்டுவதற்கு வீட்டில் குழந்தையும் இல்லை. கால்மிதியாக்குவதற்கு மனமும் இல்லை.

தருமபுரியில் கல்லூரிக்குச் செல்லும் என் மகள், பாட்டியின் சேலைகளிலிருந்து தனக்கு முழங்கால் வரை நீளும் டாப் ஒன்றைத் தைத்துத் தரும்படி கேட்கிறாள். நான்கு துணிகளும் அதில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். எனக்கு ரவிக்கையும் சுடிதாரும் வெட்டித் தைக்கத் தெரியும். ஆனால் பல துணிகளைக் கலந்து தைத்துப் பழக்கமில்லை.

நிறங்களைச் சொல்லிவிடுகிறேன். கண்டாங்கி அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டது. அதன் கரை கறுப்பு. சுங்குடி கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. சட்டை வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு. துப்பட்டா சந்தன நிறத்தில் பெரிய சிவப்புப் பூவும் பச்சை இலையும் அச்சிட்டது. கட்டம், புள்ளி, கோடு, பூ ஆகிய நான்கும் ஒரே உடையில் வந்தால் ஒட்டுப்போட்ட துணியைப் போலத் தோன்றாதா? எந்தத் துணியை எந்த இடத்தில் வைப்பது? இவ்வளவு பழைய துணி தையலைத் தாங்குமா? அறிந்தவர்கள் விளக்கமாகக் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தருமபுரி தையற்கலைஞர் எழுதியது:

அரூர்ச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் நிறப் பொருத்தம் முதலிலும், துணி தாங்குமா என்ற கேள்வி கடைசியிலும் வந்திருக்கின்றன. அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழந்துணியில் தைத்த உடைகள் நிறம் பொருந்தாததால் ஒதுக்கப்படுவது அரிது. அக்குளிலோ தோளிலோ கிழிந்துபோவதால்தான் அவை பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றன. உங்கள் மகள் இதைக் கல்லூரிக்கு அணிவார், வாரந்தோறும் துவைப்பார், பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த இழுப்பைத் தாங்கும் துணி எது, தாங்காதது எது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு துணியையும் துவைத்து, தேய்த்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். நூல்கள் விலகி வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் இடங்களைச் சாக்பீஸால் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, நன்றாக இருப்பதாகத் தோன்றும் இடங்களை இரு கைகளின் கட்டைவிரல்களாலும் பிடித்து, நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நூல் அறுபடும் ஓசை கேட்டாலோ இழை பிரிந்து இடைவெளி விழுந்தாலோ அந்தப் பகுதி வெளித்தோற்றத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இழுப்பு விழும் இடத்துக்கு ஆகாது. சேலையில் தோளில் பின் குத்திய இடத்தையும், ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஓரத்தையும் விட்டுவிடுங்கள். சட்டையில் முதுகுப் பகுதியும் முன்பக்கத்தின் கீழ்ப்பாதியும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும்; அக்குளும் முழங்கையும் அப்படியிரா.

அடுத்தது எடை. கண்டாங்கி தடித்த நூலில் நெய்யப்படுவது. சுங்குடி அதைவிட மெல்லியது. துப்பட்டா அதனினும் மெல்லியது. கனமான துணியை மெல்லிய துணியிலிருந்து தொங்கவிட்டால், தையல் போட்ட கோட்டிலேயே மெல்லிய துணி கிழியத் தொடங்கும். ஆகவே கனமானது மேலே, மெல்லியது கீழே என்பதை அடிப்படையாகக் கொள்ளுங்கள். தோள், கைக்குழி, மேல்முதுகு ஆகியவை மிகுந்த இழுப்பைத் தாங்குபவை. அந்த யோக் பகுதியை முன்னும் பின்னும் கண்டாங்கியில் வெட்டுங்கள். யோக்குக்குக் கீழே உடல் முழுவதற்கும் சுங்குடி. சட்டையின் முதுகுத் துணியில் முழங்கை வரையிலான இரு கைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, கோடுகள் நேராக இறங்கும்படி வெட்டிவிடலாம். கண்டாங்கியின் கறுப்புக் கரையைக் கீழ் ஓரத்தில் மூன்று அங்குல அகலத்துக்குள் வைத்தால் அதன் எடை சுங்குடியை இழுக்காது.

துப்பட்டாவை உடலின் முன்பக்க நடுவில், இரு சுங்குடித் துண்டுகளுக்கிடையே, அடியில் மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணி கொடுத்து வைக்கலாம். ஆனால் பெரிய பூவும் பெரிய கட்டமும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. உங்கள் நான்கு துணிகளில் கண்ணை இழுப்பவை அவை இரண்டுதாம். சிறு புள்ளியும் மெல்லிய கோடும் நான்கடி தள்ளி நின்று பார்த்தால் ஏறக்குறைய ஒரே நிறத் துணியாகவே தெரியும். அவை கண்ணுக்கு ஓய்வு தருபவை. எனவே யோக்குக்கும் உடலுக்கும் இடையில் சட்டைத் துணியில் ஒன்றரை அங்குலப் பட்டி ஒன்றைக் கொடுங்கள். அந்தப் பட்டி கைகளோடு ஒத்துப்போவதால், கைகளும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவையாகத் தோன்றாமல் உடையோடு சேர்ந்துவிடும். ஒட்டுப்போட்டதைப் போன்ற தோற்றம் வருவது துணிகள் பலவாக இருப்பதால் அன்று. ஓரிடத்தில் வந்த துணி உடையில் வேறெங்கும் மறுபடி வராமல் தனித்து நிற்பதால்தான்.

இழைத் திசையையும் கவனியுங்கள். சேலையில் பாவு நூல் நீளவாக்கிலும் ஊடை நூல் அகலவாக்கிலும் ஓடுகின்றன. கரை பாவின் திசையில் செல்கிறது. அடுத்தடுத்து இணையும் துண்டுகளில் ஒன்றை நேர் இழையிலும் மற்றொன்றைக் கிராஸாகவும், அதாவது இழைக்குச் சாய்வாகவும், வெட்டினால், கிராஸ் துண்டு சில துவைப்புகளிலேயே நீண்டு தொங்கி, கீழ் ஓரம் ஏறி இறங்கும். துண்டு சிறியதாக இருக்கிறதே என்று திசையை மாற்றி வெட்டும் ஆசை வரும், அதற்கு இடங்கொடாதீர்கள். வேண்டுமானால் அதே இழைத் திசையில் இரு சிறு துண்டுகளை இணைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்தைக் கணக்கிடும்போது இணைப்புகளை மறந்துவிடக் கூடாது. தையலுக்குள் மடங்கும் பிடியாக இருபுறமும் அரை அங்குலம் வைத்தால் ஒவ்வோர் இணைப்பும் ஓர் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். முன்பக்கம் மூன்று துண்டுகளும் பின்பக்கம் மூன்று துண்டுகளும் என்றால், நடுவிலுள்ள நான்கு இணைப்புகளுக்கும் இரு பக்கத் தையல்களுக்குமாக ஆறு அங்குலம் கூடுதலாக வேண்டும். மகளுக்குப் பொருத்தமாக இருக்கும் ஒரு டாப்பை நாளிதழில் வைத்து வரைந்து, அந்தத் தாளைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் அரை அங்குலம் விட்டுத் துணியை வெட்டுவது பாதுகாப்பான வழி. மார்பின் நடுப்புள்ளியிலும் அக்குளின் அடியிலும் இணைப்பு வராதபடி தாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி புதியதாக இருக்கட்டும். சுங்குடிக்கும் துப்பட்டாவுக்கும் 11ஆம் எண் ஊசி, கண்டாங்கி சேரும் இடங்களுக்கு 14. தையலை மிகவும் நெருக்கமாக வைத்தால் உறுதி கூடும் என்று எண்ண வேண்டாம். பழந்துணியில் நெருங்கிய ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து, அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர் போதுமானது. ஒவ்வோர் இணைப்பையும் தைத்து முடித்தவுடன் தேய்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

ஓசூர் வாசகி எழுதியது:

மேலே எழுதியுள்ள ஐயாவின் கருத்துகளில் எடையைப் பற்றியும் இழையைப் பற்றியும் கூறியவற்றை முழுமையாக ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு.

முதலாவது, நான்கு துணிகளையும் முன்பக்கத்திலேயே காட்ட வேண்டிய தேவை இல்லை. துப்பட்டாவின் பூ பெரியது என்று சகோதரியே எழுதியிருக்கிறார்கள். அதை முன்பக்க நடுவில் நிறுத்தினால் பார்ப்பவர்களின் கண் அங்கேயே நின்றுவிடும். பாட்டியின் சேலை அதற்கு ஓரமாகிவிடும். மகள் விரும்பியது பாட்டியின் சேலையை அல்லவா? துப்பட்டாவைக் கைமுனையின் உள்மடிப்பிலும், கழுத்தின் உட்பட்டியிலும், பக்கவாட்டுப் பையின் வாயிலும் வையுங்கள். கையை மடித்துவிடும்போது உள்ளிருந்து சிவப்புப் பூ தெரியும். அந்த அளவே அதற்கு அழகு என்பது என் உறுதியான எண்ணம். இப்படி வைத்தால் மெல்லிய துப்பட்டாவுக்கு இழுப்பும் இராது. நான்கு துணிகளும் உடையில் இருக்க வேண்டும் என்ற மகளின் விருப்பமும் நிறைவேறும்.

கண்டாங்கியைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டிவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். காரைக்குடிக் கண்டாங்கி 2019ஆம் ஆண்டிலும், மதுரைச் சுங்குடி 2005ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றவை. இவற்றைப் பார்த்தவுடன் இன்ன சேலை என்று அடையாளம் காட்டுவது, ஒன்றில் கட்டத்தின் அளவு, மற்றொன்றில் புள்ளியின் பரவல். கட்டம் ஒருமுறையாவது முழுதாகத் தெரியாத துண்டு வெறும் சிவப்பும் மஞ்சளுமாகத்தான் தெரியும். யோக்கை வெட்டும்போது ஒரு கட்டத்தின் நடு, கழுத்தின் நடுவில் அமையுமாறு தாளை வையுங்கள். தோள் இணைப்பில் முன் கட்டமும் பின் கட்டமும் சந்திக்க வேண்டும். சுங்குடி முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதாக இருந்தால் புள்ளிகள் சற்று ஒழுங்கின்றியே இருக்கும்; அவற்றை இணைப்பில் பொருத்த வேண்டியதில்லை. அச்சிட்டதாக இருந்தால் புள்ளி வரிசை நேராக இருக்கும். அப்போது வரிசை கோணாமல் வெட்டுவது அவசியம்.

இரண்டாவது, லைனிங் என்னும் உள்துணி. பழந்துணி டாப்புக்கு முழு லைனிங் கொடுப்பதே நல்லது என்று கருதுகிறேன். இழுப்பை லைனிங் பகிர்ந்துகொள்வதால் உடை நெடுநாள் உழைக்கும்.

பர்கூர் வாசகர் எழுதியது:

லைனிங்குக்கோ பைப்பிங்குக்கோ ஒரே நிறத் துணி தேவைப்பட்டால் எங்கள் பர்கூர் ஜவுளிக் கடைகளில் பருத்திக் கட்பீஸ் கிடைக்கும். சுங்குடித் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்து வந்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். விளக்கொளியில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும்.

வாங்கிய புதுத் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, தேய்த்த பிறகே வெட்ட வேண்டும். உங்கள் சேலைகள் பல ஆண்டுகள் துவைபட்டுச் சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடித்தவை. புதுத் துணி இனிமேல்தான் சுருங்கும். இரண்டையும் அப்படியே இணைத்தால், முதல் துவைப்பிலேயே உள்ளிருக்கும் லைனிங் சுருங்கி, மேலே உள்ள பழந்துணி சுருக்கம் விழுந்து நிற்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

அரூர் வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் கூறியவாறு வெளிச்சத்தில் பிடித்தும் இழுத்தும் பார்த்தேன். கண்டாங்கியில் முந்தானைப் பக்கத்துப் பகுதியும், சுங்குடியில் பாதிக்கு மேலும் உறுதியாக இருக்கின்றன. துப்பட்டாவை உட்பட்டிக்கும் பைக்கும் வைத்துக்கொள்ளும் யோசனை மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இப்போது மூன்று ஐயங்கள். ஈரமான வெள்ளைத் துணியைக் கண்டாங்கியின் மீது வைத்துத் தேய்த்துப் பார்த்ததில் இளஞ்சிவப்பாகக் கறை பட்டது. வெள்ளைச் சட்டைத் துணி பக்கத்திலேயே வருவதால் அஞ்சுகிறேன். அடுத்து, அரூர் வெயிலில் முழு லைனிங் தாங்குமா என்று மகள் கேட்கிறாள். மூன்றாவது, சுங்குடியில் ஓரிடத்தில் என் தாயார் கையால் இழையோட்டித் தைத்த பகுதி, உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது. பழுது தெரியாமல் இருக்க வேண்டும் என்று அவர் அவ்வளவு நுணுக்கமாகத் தைத்திருக்கிறார். அதை வெட்டி எறியக் கூடாது, உடையில் வெளியே தெரிய வேண்டும் என்கிறாள் மகள். எந்த இடத்தில் வைக்கலாம்?

தருமபுரி தையற்கலைஞர் எழுதியது:

துப்பட்டாவைப் பற்றி ஓசூர்ச் சகோதரி கூறியது என் யோசனையைவிடச் சிறந்தது, அதன்படியே செய்யுங்கள். பூ முன்பக்கத்திலிருந்து போய்விட்டாலும் சட்டைத் துணிப் பட்டியை எடுத்துவிட வேண்டாம். கட்டத்திலிருந்து புள்ளிக்கு நேராக இறங்குவதைவிட நடுவில் ஒரு கோடு போட்ட பட்டி இருப்பது யோக்கின் எல்லையைத் தெளிவாக்கும்.

சாயத்தைப் பற்றிய அச்சம் நியாயமானது. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் கூறுவார்கள். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் அதை நம்பி வெள்ளைத் துணியைச் சேர்க்க இயலாது. செய்யத்தக்கது, ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை வெளியேற்றிவிடுவதுதான். கண்டாங்கியிலிருந்து எடுக்கப்போகும் பகுதியை மட்டும் தனியே, குளிர்ந்த நீரில் சிறிது சோப்புத்தூள் சேர்த்து, அலசும் நீர் தெளிவாக வரும் வரை மறுபடி மறுபடி துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஈரமான வெள்ளைத் துணியை அதன்மீது விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தால் தயங்காமல் வெட்டலாம்.

அப்போதும் கறை பட்டால், சட்டைத் துணியைத் தள்ளி வைப்பதனால் மட்டும் பயனில்லை. வாளியில் ஊறும்போது உடையின் எந்தப் பகுதிக்கும் சாயம் போகும். அந்நிலையில் இந்த டாப்பில் சட்டையைச் சேர்க்காமல், கைகளுக்கும் பட்டிக்கும் ஒரே நிறக் கருநீலக் கட்பீஸை வாங்கிக்கொள்ளுங்கள். துப்பட்டாவும் வெளிர் நிறம் என்பதால் அதற்கும் இதுவே பொருந்தும். மகள் வருந்துவாள் என்பது தெரியும். ஆனால் கண்டாங்கியை விட்டுவிட்டுச் சட்டையைக் காப்பாற்றுவதா, சட்டையை விட்டுவிட்டுக் கண்டாங்கியைக் காப்பாற்றுவதா என்று கேட்டால், பாட்டியின் சேலைக்காகத்தான் இந்த டாப்பே தைக்கப்படுகிறது என்பதை அவளே சொல்லிவிடுவாள். சட்டையும் துப்பட்டாவும் வீணாகிவிடா. அவை இரண்டையும் சேர்த்து வேறொரு சிறு உடையை நிதானமாகத் தைக்கலாம்.

லைனிங்கைப் பொறுத்தவரை, ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே முழு லைனிங் இதமாக இருக்கும். அரூரிலும் தருமபுரியிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் இரண்டடுக்குத் துணியை நாள் முழுதும் அணிந்திருப்பது துன்பமே. வியர்வை மிகுந்தால் துணியும் விரைவில் இற்றுவிடும். யோக்குக்கும் கைக்குழியைச் சுற்றி இரண்டங்குல அகலத்துக்கும் மல்மல் கொடுத்தால் போதும். இழுப்பு விழும் இடங்கள் அவையே. சுங்குடி உடல்பகுதியில் ஒளி ஊடுருவும் என்று தோன்றினால், உள்ளே சிலிப் அணிந்துகொள்வது லைனிங்கைவிட வசதியானது.

உங்கள் தாயார் இழையோட்டிய இடத்தைக் காப்பாற்ற நினைப்பது மிகவும் நல்ல செயல். அதை மார்பிலும் முதுகிலும் இடுப்பின் பக்கத் திறப்பிலும் வைக்க வேண்டாம். உட்காரும்போதும் கையை உயர்த்தும்போதும் அங்கெல்லாம் இழுப்பு விழும். முன்பக்கத்தில் இடுப்புக்குக் கீழே, இடப்புறமாக, கீழ் ஓரத்திலிருந்து ஐந்தாறு அங்குலம் மேலே அது அமையும்படி சுங்குடித் துண்டை வெட்டுங்கள். நடக்கும்போது பார்வையில் படும். உட்கார்ந்தாலும் நேரடி இழுப்பு விழாது. அதைத் தனியாக வெட்டி மேலே ஒட்டாமல், பெரிய துண்டின் பகுதியாகவே விட்டுவிடுங்கள். பின்புறம், பழுதைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக மல்மல் வைத்து, கருநீல நூலால் கையாலேயே, அரை அங்குல இடைவெளியில் இணைகோடுகளாக ஓட்டுத்தையல் போட்டுப் பிடியுங்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி இப்படி ஓட்டுத்தையல் போட்டுத்தான் காந்தா விரிப்புகளைச் செய்கிறார்கள். நைந்த துணியும் அதில் நெடுங்காலம் நிற்கிறது. இயந்திரத் தையலை அந்த இடத்துக்கு அருகில் கொண்டுசெல்லாதீர்கள். மல்மல்லின் ஓரத்தை மடிக்காமல் பல் வெட்டு வெட்டி விடுங்கள். மடித்தால் வெளிப்புறத்தில் அந்தத் தடிப்பு கோடாகத் தெரியும்.

தைத்து முடித்தபின் கறுப்புக் கரையை உடனே இணைக்க வேண்டாம். டாப்பை ஹேங்கரில் மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, மகளை அணியச் செய்து, தரையிலிருந்து அளவுகோலை நிறுத்திச் சுற்றிலும் ஒரே உயரத்தில் குறித்துக்கொண்டு, அந்தக் குறியில் கரையை இணையுங்கள். துவைக்கும்போது ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் சோப்புக்கட்டி சரியாக நுரைக்காமல் கருநீலத்தின்மீது வெண்படலம் படியும். சோப்புத்தூளைப் பயன்படுத்தி, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ ஒகேனக்கல் குழாய்நீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.